டீச்சர் கேட்ட மரண அறிவிப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓணம் முடிந்து ஊரெங்கும் பந்தல்களை அவிழ்த்துக்கொண்டிருந்த வாரத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் பாறசாலைக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டி இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியில் நின்று ஒருத்தர் தும்மினால் தமிழ்நாட்டில் கேட்கும். ஆனால் ரேஷன் கார்டு கேரளாவில். வீட்டுக்குள் தமிழ், ஆபீசில் மலையாளம், சண்டை என்று வந்துவிட்டால் இரண்டும்.

எனக்கு மைக் செட் வாடகைக்கு விடும் தொழில். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் ஆண்டுவிழா, தேர்தல் எல்லாம் உண்டு. ஆனால் அவை எல்லாம் சில மாதங்களுக்குத்தான். வருடம் முழுக்கச் சோறு போடுவது மரண அறிவிப்பு. ஆட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டி, தமிழில் ஒரு தரம், மலையாளத்தில் ஒரு தரம் என் குரலிலேயே பதிவுசெய்து ஓடவிட்டு, ஊர் ஊராகப் போய்வருவேன். என் குரலுக்குத் துக்கம் தானாக வரும். கல்யாண வீட்டில் 'மணமக்களை வாழ்த்துகிறோம்' என்று நான் சொன்னாலும் நாலு பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

எங்கள் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்துக்குக் கணக்கு எடுத்தவர். எனக்கும் எடுத்தார். அவருடைய முயற்சியால் பத்தாம் வகுப்பைத் தாண்டினேன். என்னுடைய முயற்சியால் அதோடு நின்றேன். அவருக்குத் தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. ஏழாம் வகுப்பில் அவர் விடை சொன்னால் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் திருத்தி எழுதுவார்கள். கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள், வெளிநாட்டில் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் கோழிகளோடு தனியாக இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் 'சவம்' என்பது ஒரு திட்டு. கோபத்திலும் சொல்லலாம், செல்லத்திலும் சொல்லலாம். டீச்சர் வாயில் அது இரண்டும் கலந்துதான் வரும். அவரிடம் படித்த அத்தனை பேரும் ஒரு தரமாவது அவர் வாயால் சவமானவர்கள்தான்.

அன்று விடியற்காலையில் சர்ச் கமிட்டிச் செயலாளர் போன் செய்தார்.

"மக்கா, நம்ம டீச்சர் பெயிட்டாங்க. ராத்திரி ஆம்புலன்ஸ் வந்து கொண்டு போயிருக்கு. சீக்கிரம் வண்டியை எடு."

பாயில் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் என் தொழிலில் அழுதுகொண்டு உட்கார முடியாது. அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, அப்படியே பதிவு செய்தேன்.

'அன்பான பொதுமக்களே! அனைவராலும் நேசிக்கப்பட்டவரும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியையுமான நமது டீச்சர் அவர்கள், தமது எழுபத்தெட்டாவது வயதில், இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். அன்னாரின் உடல் காலை பதினோரு மணி முதல் அவரது இல்லத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். நல்லடக்கம் பற்றிய விவரம் பின்னர் அறிவிக்கப்படும்.'

உண்மையில் நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். ராத்திரி டீச்சருக்குச் சுகர் இறங்கித் தலைசுற்றி, அவரே ஆம்புலன்சை வரவழைத்து, அவரே ஏறிப் போயிருக்கிறார். செயலாளர் விடியற்காலையில் ஆம்புலன்ஸ் வந்துபோனதைக் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரருக்குப் போன் செய்து, "டீச்சருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவர் தூக்கக் கலக்கத்தில், "டீச்சர் போயி" என்று சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் 'போயி' என்றால் போனார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் போயிதான், சந்தைக்குப் போனாலும் போயிதான். விடியற்காலை போனில், பெருமூச்சோடு சொன்னால் என்ன அர்த்தம் வரும்? செயலாளர் எதையும் முன்கூட்டியே செய்து முடிக்கிறவர். பத்து நிமிஷத்தில் பந்தலுக்கு ஆள் சொல்லி, நாற்காலிக்குச் சொல்லி, எனக்கும் சொல்லிவிட்டார்.

நான் முதலில் பொழியூருக்குப் போனேன். மீன்காரப் பெண்கள் கிளம்புவதற்கு முன் போய்விட்டால் செய்தி எட்டுத் திக்கும் போகும். பிறகு திருப்புறம். அங்கிருந்து திரும்பி, பனச்சமூட்டுக்குப் போகலாம் என்று எங்கள் ஜங்ஷனைத் தாண்டும்போது, நெய்யாற்றின்கரை பஸ்சிலிருந்து இறங்கிய ஒருவர் சாலை நடுவே வந்து குடையைக் குறுக்கே நீட்டினார்.

பிரேக்கை மிதித்தேன். டீச்சர்!

கையில் ஆஸ்பத்திரிப் பை, புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும். என் தலைக்கு மேலே என் குரல் 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தலாம் என்றால் விரல் பட்டனைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது.

"எலே, யாருலே செத்தது?"

"நீங்க... நீங்கதான் டீச்சர்."

"எப்பம்?"

"விடியக்காலம்."

"எனக்கு ஒருத்தனும் சொல்லல்லியே."

டீக்கடையில் நின்றவர்கள் கையில் கிளாசோடு அப்படியே நின்றார்கள். ஒருத்தர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஒருவழியாக ஒலிபெருக்கியை நிறுத்தினேன். டீச்சர் வண்டிக்குள் தலையை விட்டார். நன்றாகத் திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சவமே! எனக்க வயசு எழுபத்தெட்டுண்ணு ஒனக்கு யாருலே சொன்னது?"

"செயலாளர் சொன்னாரு டீச்சர்."

"எழுபத்துநாலு. கூட நாலு வயசு எங்கேயிருந்துலே வந்துது? ஒனக்குக் கணக்கு சொல்லித் தந்தது வேற எவளோண்ணு ஊரு நினைக்கட்டும்."

செத்ததாகச் சொன்னதைக்கூட மன்னித்துவிட்டார். வயதை மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். "அவனுவ எங்க விட்டானுவ? காலையிலே ஒரு இட்லி கொண்டு வச்சான். அதை வச்சுச் சுவரிலே ஆணி அடிக்கலாம். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு நானே வந்துட்டேன்" என்றார். அதே நேரத்தில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் அந்த ஆஸ்பத்திரியில் உடலை வாங்கப் போய், அப்படி ஒரு உடல் இங்கே இல்லை என்று சொன்னதும், எங்கள் டீச்சர் உடலைக் காணோம் என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

செயலாளருக்குப் போன் போட்டேன். யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தார். லைன் கிடைக்கவில்லை.

"போன்லே சொன்னா எவன் நம்புவான்?" என்று சொல்லி டீச்சர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "நீ எங்கெல்லாம் போயி என்னைக் கொன்னியோ, அங்கெல்லாம் வண்டியை விடு. நேரிலே பாக்கட்டும். பதினோரு மணிக்கு நான் வீட்டிலே பார்வைக்கு இருக்கணுமில்லியா? வேகம் போ."

"பனச்சமூட்டுக்கும் போகணுமா டீச்சர்? அங்க இருக்கிற உங்க நாத்தனாருக்குச் செயலாளர் காலையிலேயே போன்லே சொல்லிட்டாராம்."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். இந்த நாத்தனார், டீச்சர் கணவருடைய தங்கை. டீச்சரின் கல்யாணத்தன்று நாத்தனார் உட்கார்ந்த பந்திக்குப் பாயசம் தீர்ந்துபோனதாம். அன்று தொடங்கிய பிணக்கு. அண்ணன் இறந்த பிறகு ஒரு தரம்கூட அந்தம்மா இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

"அங்க போகாண்டாம்" என்றார் டீச்சர். "ஒரு நாளாவது அவ என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லட்டும்."

திருப்புறத்தில் ஒரு பேனர் அச்சடிக்கும் கடை இருக்கிறது. கடைக்காரரும் டீச்சரிடம் படித்தவர்தான். நாங்கள் போய் நின்றபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஆள் உயரத்துக்கு அச்சடித்த பேனரைத் தரையில் விரித்து ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். பணி ஓய்வு விழாவில் மாலையோடு எடுத்த டீச்சர் படம். கீழே 'கண்ணீர் அஞ்சலி'. பேனரின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். கீழே கிடக்கும் டீச்சரைப் பார்த்தார். மறுபடி நிமிர்ந்து பார்த்தார். கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, பள்ளிக்கூடத்தில் நிற்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தப் படம் எங்கே இருந்துலே கிடைச்சது? நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். "கீழே இருக்கிற எழுத்தை வெட்டி எடுத்துட்டு எனக்குத் தா. எனக்க கோழிக்கூடு ஒழுகுது."

அவர் மறுபேச்சு பேசாமல் வெட்டிச் சுருட்டிக் கொடுத்தார்.

நான் மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை நீங்களே சொல்லிருங்க டீச்சர்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அறுபது பிள்ளைகளுக்கு நான் மைக் வச்சா கணக்கு சொன்னேன்?" ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டி, வெறும் தொண்டையில், "நான் சாகல்லே! எல்லாரும் அவனவன் சோலியைப் பாருங்க!" என்று கத்தினார். தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. என் இரண்டு ஒலிபெருக்கியாலும் காலையில் அவ்வளவு கதவைத் திறக்க முடியவில்லை.

பொழியூர் சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. என் ஒலிபெருக்கிக்கு ஒரு பழக்கம், குலுங்கினால் தானாக ஓடத் தொடங்கிவிடும். 'அனைவராலும் நேசிக்கப்பட்டவரும்' என்று மேலே ஆரம்பித்துவிட்டது. எதிரே வந்த ஒருத்தர் மரியாதைக்குச் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். பின் சீட்டிலிருந்து டீச்சர் அவருக்குக் கையை ஆட்டினார். அவர் அந்தச் சைக்கிளில் மறுபடி ஏறினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடற்கரையில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அங்கே கடல் ஏறி வராமல் இருக்கப் பெரிய பெரிய பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் மேல் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். தினமும் டீச்சர் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர், பழைய மாணவியும்கூட. மீன் சட்டி பக்கத்தில் அப்படியே இருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். அந்த அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"எனக்க டீச்சரே! கடலு எனக்க வீட்டைக் கொண்டுபோனப்பம் ஒனக்க வீட்டைத் திறந்து தந்தியே! எனக்க பிள்ளைகளைக் கட்டிலிலே படுக்க வச்சிட்டு நீ தரையிலே கிடந்தியே! அந்தப் பிள்ளைகளுக்கு ராவும் பகலும் கணக்குச் சொல்லிக் குடுத்தியே! நான் கொண்டுவாற மீனை ஒரு நாளாவது நல்ல மீனுண்ணு சொன்னியா! செவுளைத் தூக்கித் தூக்கிப் பாத்தியே!"

கடல் அரித்து அந்த அக்காவின் வீடு விழுந்த வருடம், அவர்கள் குடும்பம் பல மாதங்கள் டீச்சர் வீட்டில் இருந்தது எங்களுக்குத் தெரியும். டீச்சர் தரையில் படுத்தது யாருக்கும் தெரியாது.

டீச்சர் வண்டியிலிருந்து இறங்கி மெதுவாக நடந்து அவருக்குப் பின்னால் போய் நின்றார். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மக்கா, நான் இங்கதான் நிக்கியேன்."

அந்த அக்கா திரும்பிப் பார்த்தார். தலை முதல் கால் வரைக்கும் பார்த்தார். மூக்கைச் சிந்தினார்.

"சும்மா இரிங்க டீச்சர். வந்த கரச்சிலை நடுவிலே நிறுத்த முடியுமா? முடிச்சிட்டு வாறேன்."

சொன்னபடியே முடித்துவிட்டுத்தான் எழுந்தார். எழுந்து டீச்சரைக் கட்டிப்பிடித்தார். ராத்திரி நடந்ததைக் கேட்டதும் முதுகில் இரண்டு அடி வைத்தார். டீச்சரை அடிக்கிற மாணவியை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ராத்திரி சுகமில்லாம வந்தா ஒரு போன் பண்ணப்பிடாதா? ஆம்புலன்சுக்காரன் நம்பரு தெரியும், எனக்க நம்பரு தெரியாதா? ஒத்தைக்குக் கிடந்து நிசமாவே செத்துப் போயிருந்தா யாரு அறியது?"

டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அக்கா மீன் சட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, தானும் ஏறிக்கொண்டார். "இவங்களை இனி நம்ப முடியாது. வீட்டிலே கொண்டுபோயி விட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றார்.

திரும்பி வரும்போது டீச்சர் புறங்கைப் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தார். பூவாற்று முக்கு தாண்டியதும், "மக்கா, அந்த அறிவிப்பை ஒரு தரம் போடு. சத்தம் குறைச்சு" என்றார்.

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"‘அனைவராலும் நேசிக்கப்பட்ட'ண்ணு சொல்லுதியே... அது யாரு எழுதினது? நீயா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "அது எல்லாருக்கும் போடுறதுதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

"எல்லாருக்குமா?"

"ஆமா டீச்சர். போன மாசம் வட்டிக்காரர் ஒருத்தருக்கும் போட்டேன்."

கண்ணாடியில் பார்த்தேன். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மீன்கார அக்கா மட்டும் என் தோளில் ஒரு குத்து விட்டார். "வாயை வச்சுப் பிழைக்கியவனுக்கு வாய் வேண்டாமாலே?"

வீட்டு வாசலுக்குப் போனபோது பதினொன்று தாண்டிவிட்டது. தார்ப்பாய்ப் பந்தல், வரிசையாக நாற்காலி, நிறைய ஆட்கள். உடல் இன்னும் வரவில்லையே என்று எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடல் என் ஆட்டோவிலிருந்து கோழிக்கூட்டுப் பேனரோடு இறங்கியது. அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. ஓடியவர்கள் உண்டு, ஓடிவந்து காலில் விழுந்தவர்கள் உண்டு, கொண்டுவந்த மலர் வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டவர்களும் உண்டு. செயலாளர் அப்போதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "உடலைக் காணோமா? சரியாத் தேடுங்கலே!" என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் தோளைத் தட்டி, "கிடைச்சாச்சுண்ணு சொல்லு" என்றார். மனிதர் போனோடு நாற்காலியில் உட்கார்ந்தவர், மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து ஆள் தயங்கித் தயங்கி வந்தார். "டீச்சர், குழிக்கு அளவெடுத்துக் குறி போட்டாச்சு. இப்பம் என்ன செய்ய?"

"எத்தனை அடி?"

"நீளம் ஏழு டீச்சர்."

"நான் அஞ்சடி கூட இல்லியே. ரெண்டடி எதுக்குலே வீணாக்குதே? போயி அழிச்சிட்டு வா. சோறு தின்னிட்டுப் போவலாம்."

அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது. டீச்சர் போய் எடுத்தார். இரவு டியூட்டி முடிந்து வந்த மகள், போனில் குவிந்து கிடந்த செய்திகளைப் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறாள். "ஆமா மக்களே, அம்மைதான் பேசுதேன்... இல்லே, சாகல்லே... அது செயலாளரு..." என்று டீச்சர் சொல்வதும், அந்தப் பக்கம் அழுகை கோபமாக மாறுவதும் எங்களுக்கெல்லாம் வெளியே கேட்டது. எழுபத்துநாலு வயதில் டீச்சர் நன்றாகத் திட்டு வாங்கினார். 'உம், உம்' என்று கேட்டுக்கொண்டார்.

அவர் போனை வைக்கவும், வாசலில் ஒரு ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பனச்சமூட்டு நாத்தனார்! ஆறேழு சொந்தக்காரர்களோடு, ஜீப்பிலேயே அழத் தொடங்கி வருகிறார்.

டீச்சர் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் மின் வயரைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் நின்றேன். "யாரும் மிண்டப்பிடாது" என்று டீச்சர் வெளியே இருந்தவர்களுக்கு வாயில் விரலை வைத்துக் காட்டினார். பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

நாத்தனார் நேராக நடுமுற்றத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்க மைனியே! ஒனக்கு வாத்திச்சித் திமிருண்ணு ஊரெல்லாம் சொன்னேனே! எனக்க அண்ணன் படுக்கையிலே கிடந்தப்பம் ஒரு பிள்ளையைப் பாக்குத மாதிரி பாத்தியே! நான் வந்து ஒரு நாளு முழிச்சிருந்தேனா! எனக்க மகன் ஞாயித்துக்கிழமை தோறும் பந்து விளையாடப் போறேண்ணு சொல்லிட்டு ஒனக்க கிட்டே கணக்குப் படிக்க வந்தது எனக்குத் தெரியாதுண்ணா நினைச்சே? தெரியும் மைனி! தெரிஞ்சிட்டுத்தான் மிண்டாம இருந்தேன்! அவனுக்கு முதல் சம்பளம் கிடைச்ச அன்னைக்கே நான் இங்க வந்திருக்கணும்! ஒரு பாயசத்துக்காக வராம இருந்துட்டேனே!"

நான் டீச்சரைப் பார்த்தேன். முதல் வரிக்குச் சிரிக்கத் தயாராக நின்றவர், கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இதைக் கேக்கியதுக்கு நான் சாக வேண்டி வந்துதே, மக்களே."

நாத்தனார் ஒரு அலறல் அலறி அப்படியே பின்னால் சாய்ந்தார். தண்ணீர் தெளித்து உட்காரவைத்தோம். கண் திறந்ததும் முதலில் வந்தது கோபம். "நான் சொன்னதெல்லாம் கேட்டியா மைனி?"

"எல்லாம் கேட்டேன்."

"அப்பம் இனி திருப்பி எடுக்க முடியாது இல்லியா?"

"முடியாது. இத்தனை பேரு சாட்சி. எழும்பு, பாயசம் வைக்குதேன்."

கூடியிருந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மீன்கார அக்கா தன் சட்டியிலிருந்த மீனையெல்லாம் கழுவிக் குழம்பு வைத்தார். அன்றைக்கு மட்டும் டீச்சர் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. இரங்கல் பேச்சுக்குத் தயாராக வந்திருந்த ஒருத்தர், வீணாக்க மனமில்லாமல் மைக்கைப் பிடித்து, "டீச்சர் எங்களை ஒரு நாளும் அடித்ததே இல்லை" என்று ஆரம்பித்தார். "பொய் சொல்லாதே சவமே, ஒனக்க உள்ளங்கையைக் காட்டு!" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு பேசினவர்கள் எல்லாரும் உண்மையை மட்டுமே பேசினார்கள். அது இன்னும் நன்றாக இருந்தது.

நாத்தனார் நாலைந்து நாள் இருந்துவிட்டுத்தான் பனச்சமூட்டுக்குத் திரும்பினார். ராத்திரித் துணைக்கு மகள் போனிலேயே ஏற்பாடு செய்தாள். அன்றிலிருந்து ராத்திரிகளில் மீன்கார அக்கா டீச்சர் வீட்டில் வந்து படுத்துக்கொண்டார். கட்டிலில் யார் படுப்பது என்று இருவருக்கும் தினமும் சண்டை நடக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலையில் டீச்சர் நிஜமாகவே போய்விட்டார். தூக்கத்திலேயே. மீன்கார அக்காதான் எனக்குப் போன் செய்தார். நான் உடனே ஒன்றும் பதிவு செய்யவில்லை. நேராக வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அறிவிப்பைப் பதிவு செய்து வண்டியை எடுத்தேன். ஜங்ஷனில் டீக்கடைக்காரர் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, "இந்தத் தடவை உறுதிதானா? நீ பாத்தியா?" என்று கேட்டார். திருப்புறத்திலும் அதையே கேட்டார்கள். கடற்கரையிலும் கேட்டார்கள். இல்லை என்று நான் சொல்ல மாட்டேனா என்று ஒவ்வொருத்தர் முகத்திலும் ஒரு ஆசை. ஒவ்வொரு இடத்திலும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, "பாத்தேன்" என்று சொன்னேன்.

இப்போதெல்லாம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரைப் பற்றியாவது நல்லதாக ஏதாவது நினைவுக்கு வந்தால், வண்டியைத் திருப்பி அவர் வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன். என் ஆட்டோ வாசலில் நின்றாலே உள்ளே இருப்பவர்கள் பதறிப்போகிறார்கள். ஒரு மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பதறினால் பதறட்டும் என்று உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ பேரைப் பற்றி 'அனைவராலும் நேசிக்கப்பட்டவர்' என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்க வேண்டிய ஆளே கேட்டது அந்த ஒரே ஒரு தரம்தான்.